கெஜக் கணக்கு

எதிரணி உதைத்ததைப் பிடித்துத் திருப்பி ஓடியதில்
இன்னாசியின் சராசரி ஒன்பது கெஜம்.
ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.
எழுதியவன் நான்.

பந்து கொடைக்கானல் பனிக்குள் போய்
எங்கே இறங்குமென்று தெரியாமல்
அண்ணாந்து நின்ற நான்கு விநாடிக்கு
ஏட்டில் கட்டம் இல்லை.
ஆறு பேர் மூச்சிரைக்க நெருங்கியபோது
கையுயர்த்தி, ஓடாமல் பிடித்தானே,
அதற்கு நான் போட்டது சைபர்.
பெரியகுளத்துப் பையன் ஒருவன்
ஆளில்லாத பக்கம் இருபது ஓடினான்;
கைதட்டினோம்.

இன்று புதுக் கோடு கிழித்தேன்:
அந்த இடத்தில், அத்தனை பேருக்கு நடுவே
வேறொருவன் எவ்வளவு போயிருப்பான்?
அதைக் கழித்தால் வருவதே இன்னாசி.

கழித்துப் பார்த்தேன்.
நாலு கெஜம் மிச்சம்.
நழுவவிட்ட இரண்டையும் சேர்த்தால்
ஒன்றரை.

அவனிடம் சொல்லவில்லை.
செண்பகனூர் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்,
ஷூவின் சேற்றைச் சுரண்டிக்கொண்டு.