ஒரே ஆணியில் இரண்டு தாள்

கொட்டகைச் சுவரில் இரண்டு தாள்.
ஒன்று காடைகளுக்கு, ஒன்று அவருக்கு.

போன வைகாசியில் சோயாப் புண்ணாக்கு விலை ஏறியது.
உசிலம்பட்டி மீராசா கடையில்
என் பேருக்குக் கீழே கோடு நீண்டது.
கூட்டிக் கழித்துப் பார்த்து
இருபத்துநாலு சதவீதத்தைப் பதினெட்டாக்கினேன்.
தீவனம் அதே மஞ்சள்தான்.
குஞ்சுகளும் அதே அவசரத்தில்தான் கொத்தின.
யாருக்குத் தெரியப்போகிறது?

இருபதாம் நாள் தராசுக்குத் தெரிந்தது.
தொண்ணூறு கிராம் வரவேண்டிய இடத்தில்
அறுபத்துமூன்று.
இறகு மூடாத முதுகுகள்,
செக்கானூரணிச் சந்தையில் உரித்து அடுக்கியதுபோல்,
ஆனால் நடந்துகொண்டு.
பிறகு ஒன்றை ஒன்று கொத்தத் தொடங்கின.
முதலில் வாலை.
அப்புறம் வால் இருந்த இடத்தை.
நான் மூட்டையில் மிச்சம் பிடித்ததை
பக்கத்து உடம்பில் தேடியிருக்கின்றன.
விடிந்ததும் அள்ளினேன், பதினொன்று.

அடுத்த ஈட்டில், பயத்தில்,
கருவாட்டுத் தூளை அளவில்லாமல் கொட்டினேன்.
வளர்ந்தன, மடமடவென்று.
எச்சத்தின் நெடியில் என் கண்ணே எரிந்தது.
கால்நடை ஆஸ்பத்திரி ஜெசிந்தா
செத்த ஒன்றைக் கத்தரியால் திறந்து காட்டினாள்:
மொச்சைக்கொட்டை அளவு இதயம்,
அதன்மேல் சுண்ணாம்பு அடித்த வெள்ளை.
"கழிவத் தள்ள முடியலக்கா,
கிட்னி திணறிருச்சு."
காடைச் சமாசாரமாகத்தான்
அதைக் கேட்டுக்கொண்டேன்.

ஆவணியில், பெரியாஸ்பத்திரியில்,
அவர் ரிப்போர்ட்டைப் பேனாவால் தட்டி
அதே சொல்லைச் சொன்னார் டாக்டர்.
கறி வேண்டாம், கருவாடு வேண்டாம்,
பருப்பைக் குறைங்க.
நாளைக்கு நாற்பது கிராம் புரதம், அவ்வளவுதான்.

நாற்பது கிராம்!
ஐம்பது கிலோ மூட்டையைத் தவிர
வேறு அளவு தெரியாத கை இது.

இப்போது அஞ்சு மணிக்கு எழுந்து
முதலில் கொட்டகை: இருபத்துநாலு,
கூட்டாமல், குறைக்காமல்.
பிறகு அடுப்படி. அதே தராசு, துடைத்துவிட்டு.
அவருக்கு முட்டையில் வெள்ளை மட்டும்.
மஞ்சளை நின்றபடியே நான் விழுங்குவதை
ஒரு திருடியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.
"ஊரான் வீட்டுப் பிள்ளையெல்லாம்
நம்ம காடையத் திங்கிறான்" என்கிறார்.
என்ன பதில் சொல்ல?
சோற்றில் ரசத்தை ஊற்றுகிறேன்.

புதன்கிழமை மதுரை ஹோட்டல் வண்டி வந்தது.
நூற்றுத் தொண்ணூறு கிராம்,
சொல்லி வைத்தாற்போல் எல்லாம்.
வண்டி போனதும்
தீவன மூட்டை நிறுக்கிற பெரிய தராசில்
அவரை ஏற்றினேன். திட்டிக்கொண்டே ஏறினார்.
ஐம்பத்தொன்று.
போன மாதமும் அதுதான்.
அதே நோட்டில் எழுதினேன்,
காடை வரிசைக்குக் கீழே,
பேர் போடாமல்.