நாலாயிரத்துக்கு மேல் எண்பது

ஏழாங்கட்டையில் செம்பனையைச் சாய்த்துவிட்டுப்
பலகை நட்டார்கள்:
வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடுகள்.
குணாளன் லாரியை ஓரங்கட்டி
இறங்கிப் படம் எடுத்து அனுப்பினார்.
'சக்தி' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு
பக்கத்தில் சிரிப்பு முகம் ஒன்று.

முந்நூறு வீட்டில் நாற்பது எங்களைப் போன்றவர்களுக்காம்.
நாற்பதைக் கட்டிவிட்டால்
கம்பெனிக்கு மொத்தத்துக்கும் வரியில் கழிவாம்.
இருக்கட்டுமே என்றேன்.
யாருக்காவது கட்டுப்படியானால்தானே
யாராவது கட்டுவார்கள்.

பாரம் நாலு பக்கம்.
பெயர், பவளேஸ்வரி.
முகவரி, புக்கிட் செராயா தோட்டம், பழைய லயம்.
கதவு எண், இல்லை.
'இல்லை' என்று எழுதக் கூடாது என்றார்
கவுண்டரில் புவான் நோராய்னி.
கணினி ஒத்துக்கொள்ளாதாம்.
தானே பேனாவை வாங்கிப் பதினேழு என்று போட்டார்.
ஏன் பதினேழு என்று நான் கேட்கவில்லை.
அன்று மாலை கதவைத் திறக்கும்போது
ஒரு கணம் அண்ணாந்து பார்த்தேன்.

குடும்ப வருமானம் நாலாயிரத்துக்கு மிகாமல்.
கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு, ஓவர்டைமோடு,
இரண்டாயிரத்து நூற்றைம்பது.
லாரிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.
விரலில் கூட்டினேன். கைப்பேசியில் கூட்டினேன்.
எண்பது வெள்ளி கூடுதல்.
கல்யாணமான நாளாக
எங்களிடம் ஏதாவது அதிகமாக இருந்தது
அதுதான் முதல் தடவை.

சூப்பர்வைசர் சியோங்கிடம் போய்
ஞாயிறு வேலை வேண்டாம் என்றேன்.
காய்ச்சலா என்றார்.
வீடு என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை. எனக்கே பாதிதான்.

மூன்று மாதம், பதின்மூன்று ஞாயிறு.
வீட்டில் இருந்தேன், சம்பளத்தைக் குறைப்பதற்காக.
அம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களா என்று
கவிஷா அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டாள்.
கோழி வாங்கவில்லை. சார்டின் டின்தான்.
சம்பளச் சீட்டு இளைத்து வந்தது.
கடவுளே, இன்னும் கொஞ்சம் ஏழையாக்கு என்று
வேண்டிக்கொண்டவள் இந்த டவுனில்
நான் ஒருத்தியாக இருக்க முடியாது.
பாரம் கொடுத்தவர்கள் அறுநூறு பேர்.

பள்ளி மண்டபத்தில் குலுக்கல்.
என் எண் விழுந்தது.
மூணு ஏ, பதினாலு.
நாலாம் மாடிதான்; நாலு என்று சொன்னால்
வீடு விலை போகாதாம், அதனால் மூணு ஏ.
சரி, இல்லாத கதவு எண்ணிலிருந்து
இல்லாத மாடிக்கு.

திறந்து காட்டிய நாளில் ஏறிப் பார்த்தேன்.
சமையலறை ஐந்து எட்டு.
சன்னலுக்குக் கீழே கழிவுநீர்க் குளம்,
அதில் ஒரு கொக்கு.
முன்பக்கத்து வீடுகளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்.
சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் நீந்தும் சத்தம்.
குளியலறைக் குழாயைத் திறந்து மூடினேன்.
மறுபடி திறந்தேன். தண்ணீர் வந்தது.
எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பேங்க்கில் லோகேந்திரன் என்ற பையன்.
மூன்று மாதச் சீட்டுகளையும் விரித்து வைத்தான்.
"லோனுக்கு இது பத்தாதேக்கா.
நாலாயிரத்து இருநூறாவது காட்டணும்.
ஓவர்டைம் கிவர்டைம் எதுவும் செய்யறதில்லையா?"

நான் சிரித்த சிரிப்பில்
அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

இன்று ஞாயிறு.
பீங்கான் கைகள் வரிசையாகப் பாலில் முங்கி
வெள்ளைத் தோலோடு எழுந்து வருகின்றன.
ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் என்று
சியோங்குக்குத்தான் தெரியும்.
எதையும் நிரப்பாத, எங்கும் ஒப்பமிடாத கைகள்.
என் பைக்குள் வீடமைப்பு அலுவலகக் கடிதம்:
வருமானத்தில் மாற்றம் இருந்தால்
பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கவும்.

இன்று பதின்மூன்றாம் நாள்.
பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது.
இன்னும் ஒரு ட்ரே முடிக்கலாம்.