குருணல்

இரவு ஒன்று இருபது.
கல்முனையில் மின்சாரம் போய் வந்து
ஸ்கேன் இயந்திரம் மறுபடி தன்னைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.
கச்சான் காற்று கதவிடுக்கில் மணல் தள்ளியது.

உதுமாலெவ்வை, ஐம்பத்திரண்டு, சம்மாந்துறை.
சாப்பிட்டுக் கை கழுவும்போது
வலக்கை தண்ணீரிலேயே நின்றுவிட்டதாம்.
விரலிடுக்கில் இன்னும் ஒரு சோற்றுப் பருக்கை.

தொலைபேசியில் டொக்டர் நுஸ்கிக்கு ஒரே கேள்வி:
அடைப்பா, கசிவா?
அடைப்பென்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து
குளிர்ப்பெட்டியில் இருக்கிறது.
கசிவென்றால் அதே மருந்து
ஆளைக் கொண்டுபோய்விடும்.

முதற்படம்.
மண்டையோட்டின் ஓரமெல்லாம் இரட்டைக் கோடு.
உள்ளே குருணல்.
படத்தில் விழும் இரைச்சலுக்கு நான் வைத்த பெயர் அது,
பாடப்புத்தகத்தில் வேறு.
சாம்பலுக்குள் வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் இன்னொன்று,
எது இரத்தம், எது இயந்திரம் உதிர்த்தது?

மென்மையாக்கும் பொத்தானை அழுத்தினேன்.
குருணல் அடங்கிப் படம் பாலாடை போலாயிற்று.
இடப்பக்க ஆழத்தில் நான் சந்தேகித்த ஒன்றும்
அதோடு போயிற்று.
அழகான படத்தை நான் நம்புவதில்லை.

கண்ணாடிக்கு இப்பால் அவர் மனைவி சுலைஹா,
யாரும் கேட்காமலே:
"மில்லுல அரிசி பிரிக்கிற மெஷினுக்கு இவருதான் ஆள், மகள்.
கறுப்பரிசியக் கமரா கண்டு காத்தால ஊதித் தள்ளும்.
கூட வெச்சா நல்லரிசியும் போயிரும் எண்டு
ராவெல்லாம் முறுக்கி முறுக்கிப் பாப்பாரு."

உள்ளே போனேன்.
தலை ஏன் ஆடுகிறதென்று அப்போதுதான் விளங்கியது:
ஓதிக்கொண்டிருக்கிறார்.
பாதி வாய். பாதிக் கலிமா.
ஒவ்வொரு சொல்லுக்கும் தாடை
ஒரு நெல்மணியளவு நகர்கிறது.
ஒரு நெல்மணியளவைத்தான் நானும் தேடுகிறேன்.

"மனசுக்குள்ள ஓதச் சொல்லுங்க" என்றேன்.
சொன்ன பிறகு வெட்கமாயிருந்தது.
சுலைஹா குனிந்து காதில் என்ன சொன்னாரோ
வாய் மூடிற்று.

துவாயை மடித்து இரு காதோரமும் செருகி
நெற்றிப் பட்டியை இறுக்கி
கதிர்வீச்சைக் கொஞ்சம் கூட்டி
(அதற்கும் கணக்குண்டு, எழுதிவைத்தேன்)
துண்டங்களை மெலிதாக்கி
பன்னிரண்டு விநாடி.
நானும் மூச்சு விடவில்லை.
நான் விட்டால் படம் ஆடாது. தெரியும்.

சாளரத்தை ஒடுக்கினேன். எண்பது. அறுபது.
மறுகா கொஞ்சம் திறந்தேன்.
நின்றது.
அடுத்த துண்டத்திலும். அதற்கடுத்ததிலும்.
குருணல் இப்படி ஓரிடத்தில் நிற்காது.

"கசிவு, டொக்டர்."
"மருந்தைத் தொட வேணாம். பிரஷரைக் குறைப்பம்."

சுலைஹா திரையைப் பார்த்துவிட்டார்.
"வெள்ளையாத்தானே கிடக்கு மகள், நல்லந்தானே?"

அறுத்தாலும் கீறினாலும் எல்லாருக்கும் சிவப்பு,
என் திரையில் மட்டும் அது வெள்ளை.
இதை எப்படிச் சொல்ல?
"கண்டுபிடிச்சிட்டம்" என்றேன்.
அவர் கேட்டது அதை இல்லை.

அம்புலன்ஸ் மட்டக்களப்புப் பக்கம் போன பிறகு
முதற்படத்தை அழிக்கப் போனேன்.
பயனில்லை, சும்மா இடம் பிடிக்கிறது.

ஓரமெல்லாம் இரட்டைக் கோடு.
ஓதல் அதில்தான் இருக்கிறது.

விரலை எடுத்துவிட்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.