நூற்றொன்று வரும் வரை

வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு முன்னால்
மழை விட்டும் விடாத இரவு ஏழு மணிக்கு
கடையில் பிழைத்துப்போன பில் ஒன்றின் பின்பக்கத்தில்
ஏழு என்று எழுதி ஆரம்பிக்கிறேன்.

விதி சின்னது.
எத்தனையாம் படியோ அந்த எண்ணும்
கையிலிருக்கும் தொகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.
இரண்டின் பொதுக் காரணிகளுட் பெரியதைத்
தொகையோடு கூட்டு. அவ்வளவுதான்.

எட்டு. ஒன்பது. பத்து.
கூடியது ஒன்று, ஒன்று, ஒன்று.
ஒன்றுமே பொதுவில்லாத இருவருக்கு
ஒன்று மட்டும் பொது.
ஐந்தாம் படியில் திடீரென்று ஐந்து கூடிப் பதினைந்து.
அடுத்து மூன்று. மறுபடி ஒன்றுகள்,
பதினோராம் படியில் பதினொன்று விழும்வரை.

"லொத்தர் நம்பரா, தங்கச்சி?"
குடையை மடக்கிக்கொண்டிருந்தவர் கேட்டார்.
இல்லை என்றேன்.
நம்பாமல் எட்டிப் பார்த்தபடியே நின்றார்.

ஒன்றைத் தவிர கூடுவதெல்லாம் முதன்மை எண்கள்.
அது பழைய செய்தி. இன்று கண்ணில் பட்டது இது:
மூன்றை விட்டால்
ஐந்து, பதினொன்று, இருபத்துமூன்று, நாற்பத்தேழு
எல்லாம் ஐந்தில் தொடங்கி ஆறாறாய் ஏறும்
ஒரே கூட்டல் விருத்தியில் வீடுள்ளவை.
ஒரே தெரு!

ஐம்பத்தோராம் படியில் நூற்றைம்பத்துமூன்று.
அதன்பின் நாற்பத்தொன்பது ஒன்றுகள்.
குறுக்குவழி தெரியும்.
என்றாலும் ஒவ்வொன்றாய் எழுதினேன்;
பஸ் வராத நேரத்துக்கு வேறென்ன செலவு.
நூறு வந்து நிற்காமல் போனது.
நூற்றைம்பத்தைந்தில் கால் வைக்க இடமில்லை.
கடல் பக்கம் ரயில் ஒன்று ஈரச் சத்தத்தோடு.

நூறாம் படி: இருநூற்றிரண்டு.
நூற்றோராம் படிக்குக் கூடுவது நூற்றொன்று.
நிமிர்ந்தால்
அதே எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு மொரட்டுவை பஸ்,
"கொட்டுவ, கொட்டுவ, பிட்டகொட்டுவ!"

அவருக்கு இருக்கை கிடைத்தது. எனக்குக் கம்பி.
கேட்காமலே என் பையை வாங்கி மடியில் வைத்தார்;
அதன்மேல் பில், ஒரு கையால் பேனை.
மூன்று.
ஒன்று, ஒன்று.
பம்பலப்பிட்டிச் சிக்னலில்
ஏழு.

என் தெருவில் அப்படி ஒரு வீடு இல்லை.
முந்நூற்றெட்டை ஏழால் வகுத்தேன், போனது.
நூற்றைந்தும் போனது.
"பிழைச்சிட்டுதோ?" என்றார்.
"இல்லை, சரியாத்தான் வருது" என்றேன்,
ஏதோ முறைப்பாடு செய்பவள் போல.

கொள்ளுப்பிட்டியில் இறங்கும்போது
பையை இருக்கையில் வைத்து இடம் பிடித்துத் தந்தார்.
குடையை மறந்துவிட்டார்.
கூப்பிடப் பெயர் தெரியவில்லை.
சூடு ஆறாத இருக்கை.
நூற்றாறாம் படி:

ஒன்று.