இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

ஐயா, அல்லது அம்மா,
பெயரை மறைத்திருக்கிறார்கள், தெரியவில்லை.
இத்தனை வெற்றிடம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.
எண்பத்தேழு விழுக்காடு ஒன்றுமில்லை,
மீதிதான் பொருள் என்பது
உங்களை உறுத்துகிறது.

சொன்னபடி அழுத்திப் பார்த்தேன்.
பீன்யாவில் ஒரு பட்டறை, பழைய ஹைட்ராலிக் பிரஸ்,
ஐந்து டன்.
நாணயம்போல் பளபளவென்று வந்தது.
மின்சாரம் தங்குதடையின்றி ஓடியது.
தேங்கும் மின்னேற்றம்தான் மூன்றில் ஒன்றாகிவிட்டது.
உள்ளே எத்தனை விளக்கு எரிந்தென்ன,
வாசல் இல்லை.
அயனிகள் வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டன.

கார்பன் நுண்குழாய்க்கு ஓடத்தான் தெரியும்.
மாங்கனீசு ஆக்சைடுக்குச் சேர்த்துவைக்கத் தெரியும்,
கடத்தச் சொன்னால் கல்.
இரண்டையும் நீரில் கலக்கி உறையவைத்து
பனிக்கட்டியை மட்டும்
நீராகாமலே ஆவியாகப் போகவிட்டோம்.
நீங்கள் வெற்றிடம் என்பது
பனி இருந்துவிட்டுப் போன இடம்.

உறையவைத்தவள் லால்ரின்புயி, இரண்டாம் ஆசிரியர்.
நிதி முடிந்து மார்ச்சில் ஐஸ்வாலுக்குப் போய்விட்டாள்.
அவள் மேசையில் இன்னும் யாரும் உட்காரவில்லை.
உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லாத வரி இது.
நீக்கிவிடலாம் என்றிருந்தேன்.

என் மொழியில் புரை என்றால் துளை.
குற்றம் என்றும் பொருள்.
கண்ணில் படர்ந்து பார்வையை மறைப்பதும் புரை.
ஒன்றைப்போல் இன்னொன்று என்று சொல்லவும்
ஒரு காலத்தில் அதே சொல்.
ஓர் எழுத்து நீண்டாலும் உடைந்துவிடும் சின்னச் சொல்லுக்குள்
இத்தனை அறைகள்.
கட்டுரையில் இதற்கு இடமில்லை,
"புறப்பரப்பு அதிகம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

உலைக்கூடத்துச் சித்தராஜு மாதிரியைப் பார்த்துவிட்டு
செட் தோசை கருகிவிட்டதா மேடம் என்றார்.
மல்லேஸ்வரத்தில் தின்றவர்களுக்குத் தெரியும்,
கண்கண்ணாக வேகாவிட்டால்
சாகு மேலேயே வழிந்து தட்டுக்குப் போகும்.
இதைச் சான்றாகச் சேர்க்கலாமா என்று
நெறியாளரிடம் கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

கடைசியாக, நான்காம் படம்.
இரவு இரண்டு நாற்பதுக்கு வளைவில் ஒரு துள்ளல்.
பிழை என்று வட்டமிட்டிருக்கிறீர்கள்.
அப்போது யஷ்வந்த்பூரில் சரக்கு ரயில் போனது.
ஜன்னல் அதிர்ந்தது, தரை அதிர்ந்தது,
மாதிரிமேல் வைத்த நான்கு ஊசிகளும்
அதைக் கேட்டன.
அழுத்திய வில்லையை வைத்து
மூன்று இரவு அதே ரயிலுக்குக் காத்திருந்தேன்.
கோடு நேராகவே போயிற்று.

துள்ளலை அப்படியே விட்டிருக்கிறேன்.