வீட்டுக்குப் போய்ச் சரிசெய்யலாம்

கவிழ்த்துப் போட்டுத்தான் திறக்கவேண்டும் இந்த என்ஜினை.
ஆமையைப்போல என்று எழுதத் தோன்றியது.
ஆமைக்கு இத்தனை போல்ட் கிடையாது.

வையாலாவில் ஜூலை.
இரும்பு ஆலைப் பக்கமிருந்து வரும் காற்று
துணி துவைக்கும் அறையிலும் செந்தூசியை வைத்துவிட்டுப் போகிறது.
தரையில் பழைய பெட்ஷீட், அதன்மேல்
எழுபத்து நான்காம் வருடத்து ஹோண்டா,
கீழ்ப்பாதி மட்டும்.
மேல்பாதி என் மெத்தைக்குப் பக்கத்தில்
அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது.

சுவருக்கு அந்தப்பக்கம் எழில்வேந்தன் தூங்குகிறான்,
ஆஸ்பத்திரியில் இரவுப்பணி.
ஒரு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்தவன்;
இது நாலாவது குளிர்காலம்.
அதனால் சுத்தியலுக்குத் துணி சுற்றியிருக்கிறேன்.

டொப்.
டொப்.
ஒட்டிக்கிடந்த இரண்டு பாதிக்கும் நடுவே
கறுப்பாக ஒரு கீற்று.
பிறகு அந்த வாடை. பல வருடத்து எண்ணெய்,
கொஞ்சம் கருகல், கொஞ்சம் இனிப்பு.
கிராங்க் படுத்திருக்கிறது,
எதற்கும் அவசரமில்லாத மாதிரி.

ஒன்றாவது ராடு, சரி.
இரண்டாவது, தேய்மானம், ஆனால் நேர்மையான தேய்மானம்.
மூன்றாவதின் மூடியைக் கழற்றினேன்.
பேரிங் ஓட்டுக்குப் பின்னால் ஏதோ மினுங்கியது.
பியர் டின்.
கத்தரியால் வெட்டிய ஒரு துண்டு,
ஓரத்தில் சிவப்பு மையில் பாதி எழுத்துகூட அழியாமல்.

நான் ரத்தம் பார்க்கிறவன்.
மைக்ரானில் சம்பளம் வாங்குகிறவன்.
உள்ளங்கையில் அந்தத் தகரத்தை வைத்துக்கொண்டு
யாருமில்லாத அறையில் சத்தமாகவே சொன்னேன்,
'அடப்பாவி.'

பாரி ஸ்டான்டனுக்குப் போன் போட்டேன், வண்டியை விற்றவர்.
எண்பத்தொன்பதில், கிளென்டாம்போ தாண்டி, மழையில்,
தடதடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்ததாம்.
கையில் ஒரு டின்னும் முதலுதவிப் பெட்டியில் கத்தரியும் இருந்ததாம்.
'அது இன்னுமா உள்ளே இருக்கு?
வீட்டுக்குப் போய்ச் சரிசெய்யலாம்னு நினைச்சேன்.'
அதற்கப்புறம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன்.
யோசித்தார்.
தன் இரண்டாவது கல்யாணத்துக்கும் அதில்தான் போனதாகச் சொன்னார்.

புது ஓடுகள் ஜப்பானிலிருந்து வந்தன,
பச்சைப் பொட்டு, பழுப்புப் பொட்டு.
அளக்கும் பிளாஸ்டிக் நூலை நடுவில் வைத்து,
மூடி, இருபது நியூட்டன்மீட்டர், கிளிக்,
மறுபடி திறந்து, நசுங்கிய அகலத்தைக் காகித அளவோடு பார்த்தேன்:
நூறில் மூன்று.
அவ்வளவுதான் இடைவெளி. அது எண்ணெய்க்கு.
எல்லாம் சரியாக அமைந்துவிட்டால்
இரும்பும் இரும்பும் தொடுவதேயில்லை,
சுற்றிக்கொண்டே இருந்தாலும்.
இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
அவள் ஞாயிறுதோறும் கேட்பது ஒன்றுதான்:
அங்கே எல்லாம் செட்டாயிடுச்சா?

இரண்டு வருட விசாவில் வந்தேன். ஒன்பதாகிறது.
கட்டில் வாங்கலாம், எதற்கு,
போகும்போது யாரிடம் கொடுப்பது.

சாயங்காலம் ஆறுமணிக்குக் கிராங்க்கை ஒரு விரலால் தள்ளினேன்.
நாலு ராடும் எழுந்து, தாழ்ந்து,
ஒரு சுற்று, சத்தமில்லாமல்.
எழில்வேந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.
'ஓடுமா?'
'இது பாதிதான்டா.'
'டீ போடவா?'

தகரத்தை எறியக் குப்பைத்தொட்டி வரை போனேன்.
ஜன்னல் கண்ணாடி வழக்கம்போலக் காற்றில்
கடகடத்துக்கொண்டிருந்தது,
வீட்டு ஏஜெண்டுக்கு மூன்று தடவை எழுதியாயிற்று.
நாலாக மடித்துச் சட்டத்தின் இடுக்கில் செருகினேன்.
நின்றுவிட்டது.

நாளைக்கு எழுதவேண்டும் ஏஜெண்டுக்கு.