வடக்குச் சன்னல்

முதலில் தரையைத்தான் விசாரித்தேன்.
டன்ஹவுசரில், சுரங்க அலுவலகத்து இரும்பு அலமாரியிலிருந்து
மெழுகுத்துணி வரைபடம் ஒன்றை உருவி விரித்தார்
அளவையாளர் க்ளூட்டி.
சுருண்டுகொள்ளாமல் இருக்க
நான்கு மூலையிலும் நான்கு கரித்துண்டுகள்.

ஊருக்குக் கீழே இன்னோர் ஊர்.
தெருக்கள், குறுக்குத் தெருக்கள்,
மேல்தரையைத் தாங்க விட்டுவைத்த கரித்தூண்கள்,
பிறகு அந்தத் தூண்களையும் அறுத்தெடுத்துப்போன தேதிகள்.
ஒரு பாதையின்மேல் 'சாமி மேற்கு' என்றிருந்தது.
கோயிலா என்று நான் கேட்கவில்லை.
கப்பலில் வந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும்
கங்காணிப் புத்தகம் வைத்த ஒற்றைப் பெயர் அது.
வீராசாமி, கந்தசாமி, சின்னச்சாமி.
முன்பாதியை உச்சரிக்க
யாருக்கும் நேரமில்லை.

"அதன்மேல் கட்ட முடியாது. உள்ளே வெறும் பொந்து."
சிவப்புப் பென்சிலால் சாமியைச் சுற்றி
வேலி போட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரு துண்டுக் கெட்டித்தரை.
முந்நூற்றுப் பதினோரு பிள்ளைகள். ஏழு வகுப்பறை.

இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து காய்வான்.
ஜூலைக் காலையில் புல்லெல்லாம் உறைபனி,
வகுப்பறை வடக்கைப் பார்த்தால்தான்
பேனா பிடிக்க விரல் மடங்கும்.
சுரங்கமும் வடக்கில்தான்.
கரித்தூள், லாரிகள்,
பகலிரவாக ஆட்களை இறக்கி ஏற்றும்
கோபுரத்துச் சக்கரம்.

ஆகவே கட்டடத்தைத் திருப்பி உட்காரவைத்தேன்.
வடக்கே முழுச்சுவர், செங்கல் முதுகு.
கூரையை ரம்பப்பல்லாக வெட்டி
வெயிலை மட்டும் மேலேயிருந்து உள்ளே விட்டேன்.
டர்பனில் என் பங்குதாரன் ப்ரெகாசன்
இதற்குப் பரிசு நிச்சயம் என்றான்.
நானும் கொஞ்சம் நம்பினேன்.

தேவாலயத்துத் தகரக் கொட்டகையில் கூட்டம்.
அட்டை மாதிரியை மேசைமேல் வைத்தேன்.
முதல் கேள்வி கக்கூஸ் பற்றி:
"குழியா, தண்ணீரா?"
தண்ணீர் என்றேன்.
"சரி. குழி என்று எதுவும் இங்கே இனி வேண்டாம்."

வாயிலில் சோளம் சுட்டு விற்கும் நொக்குலுங்கா
ஒற்றை விரலால் பள்ளிக்கூடத்தைச் சுழற்றினாள்.
"சக்கரம் எங்கிருந்து தெரியும்?"
"எங்கிருந்தும் தெரியாது," என்றேன், பெருமையாக.

என் அரைகுறை ஜூலுவுக்கு எட்டும்படி
மெதுவாகச் சொன்னாள்:
"சங்கு சில நாள் ஊதாது.
அலுவலகம் மறுநாள் சொல்லும்.
ஷிப்டு நடுவில் சக்கரம் நின்றால்
நாங்கள் சோளத்தைக் கருகவிட்டு ஓடுவோம்.
பிள்ளைகள் மட்டும் ஏழாம் வாய்ப்பாடு
சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?"

பின்வரிசையில் வகாசி எழுந்தான்.
இடது கையில் மூன்று விரல்.
"சன்னல் வைக்காதே அம்மா.
அதையே பார்த்துப் பார்த்துத்தான் நானும் இறங்கினேன்."

இருட்டும்வரை சண்டை.
யாரோ என் மாதிரியின் கூரையைக் கழற்றி
விசிறிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில், லேடிஸ்மித் பெட்ரோல் நிலையத்தில்,
ரசீதின் பின்பக்கம் வரைந்தேன்:
ஒவ்வொரு அறையிலும், வடக்குச் சுவரில்,
ஓரடி அகலத்தில் திறக்காத இரட்டைக் கண்ணாடி.
தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்கே
இரண்டு வாரம் ஆனது.
பிள்ளை உட்கார்ந்தால் கரும்பலகை.
எழுந்து நின்றால் சக்கரம்.

கொத்தனார் தொலைபேசியில் கேட்டார்,
"இந்த ஓட்டை வரைபடத்தில் பிழைதானே?"
"இல்லை. அளவு மாறாமல் வை."

பரிசு வரவில்லை.
மார்ச்சில் தலைமையாசிரியை கடிதம் எழுதினாள்:
ரம்பப்பல் கூரை வழியாக
வெயிலோடு மழையும் வருகிறது,
நான்காம் வகுப்பில் இரண்டு வாளி வைத்திருக்கிறோம்,
உடனே ஆள் அனுப்பவும்.
அடியில், வேறு மையில், இரண்டு வரி:
வடக்குக் கண்ணாடிகளை
யாரோ விடியுமுன் வந்து வெளிப்பக்கம் துடைத்துவிட்டுப் போகிறார்கள்.
சம்பளப் பட்டியலில் அப்படி ஒரு ஆள் இல்லை.